செய்தி முதலில் யாருக்கு? – இலங்கையிற் கருவுற்ற தாயின் முதற் பதிவு பற்றிய வரலாற்றுக் குறிப்புகள்

ஒரு பெண் கருவுற்றிருக்கிறாள் என்பதை நம்மவர் நேரே சொல்வதில்லை. ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்பர். மாதந்தோறும் நிகழவேண்டிய முழுக்கு நிகழவில்லை என்பதே அச்சொற்றொடரின் பொருள். நடந்த ஒன்றைக் கூறாது நடவாத ஒன்றைக் கூறி விளங்கவைக்கும் இவ்வழக்கு வெறும் நாணத்தினால் மட்டும் எழுந்ததன்று. முதல் இரண்டு மூன்று மாதங்களிற் கரு நிலைக்குமோ கலையுமோ என்ற ஐயம் எல்லாக் குடும்பங்களிலும் இருந்தது. நிலையாத ஒன்றை ஊரறியச் செய்தல் கூடாது. கண்ணூறு படும் என்ற அச்சமும் உடனிருந்தது. ஆகவே செய்தி முதலிற் பெண்ணின் தாய்க்கோ மாமிக்கோ தெரியும். பின்னர் மெல்லக் கணவனுக்கு. வயிறு காட்டிக்கொடுத்த பின்னரே அயலாருக்கு. பிள்ளை பெறுவிக்கும் மருத்துவிச்சிக்கு ஆள் போவது பெரும்பாலும் நோவு கண்ட பின்னர்தான்.

இன்று இலங்கையிற் கருவுற்ற பெண்ணின் பெயர் எட்டு வாரம் நிறைவதற்குள் அரசாங்கத்தின் பதிவேடொன்றில் ஏறிவிடல் வேண்டும் என்பது விதி. வயிறு தெரிவதற்கு முன்னர், அயலார் அறிவதற்கு முன்னர், ஊதியம் பெறும் உத்தியோகத்தர் ஒருவர் அச்செய்தியை அறிகிறார். குடும்பத்தின் மறைபொருளாயிருந்த ஒன்று பொதுச் சுகாதாரத்தின் பொருளாயிற்று. இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது, யாருக்கு விரைவாக நேர்ந்தது, யாருக்குத் தாமதித்தது என்பனவே இக்கட்டுரையில் ஆராயப்படுவன. மகப்பேற்றின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வைத்தியசாலைக் கட்டிடங்களையும் கொடைவள்ளல்களையுமே எழுதுகின்றனர். அவை முக்கியமல்ல என்பது நம் கருத்தன்று. ஆயின் பிரசவ அறையின் வரலாறு வேறு, அவ்வறைக்கு எட்டு மாதம் முந்திய வரலாறு வேறு.

முன்னோர் இதிற் கவனமற்றிருந்தனர் என எண்ணுதல் தவறாகும். சரகர், சுசுருதர் ஆகியோரின் பெயரால் வழங்கும் வடமொழி மருத்துவ நூல்கள் கருவுற்றவளுக்கு மாதந்தோறும் என்ன ஊட்டுதல் வேண்டும் என்பதை வரிசையாகக் கூறுகின்றன. யாழ்ப்பாணத்து அரசர் காலத்ததாகக் கொள்ளப்படும் பரராசசேகரம் என்னும் பெரு மருத்துவ நூலிலும் கர்ப்ப நோய்கள், பால நோய்கள் என்பன தனித்தனியே பேசப்படுகின்றன. சங்கப் புலவர்களோ மசக்கையைக் கூர்ந்து கண்டவர்கள். முதற் சூல் கொண்ட மகளிரின் புளி வேட்கையைக் குறுந்தொகையிலும், மண்ணுண்ணும் வேட்கையைப் புறநானூற்றிலும் காண்கிறோம். பின்னதில், பகைவர் தீண்டவியலாத மண்ணைச் சூல்கொண்ட மகளிர் மட்டுமே உண்பர் என்பது அரசனுக்குக் கூறப்படும் புகழுரை. புலவனுக்குப் புகழாகப் பட்ட அம்மண்ணுண்ணலை இன்றைய வைத்தியர் இரத்தச் சோகையின் அறிகுறியாக இருக்கலாம் என ஐயுறுவார். இரும்புச்சத்துக் குறைந்தவர்க்கு மண், சாம்பல், பச்சையரிசி முதலியவற்றில் விருப்பம் உண்டாதல் நன்கறியப்பட்டது. இதனை இங்கு குறித்துக்கொள்வோம். பின்னர் மலைநாட்டுத் தோட்டங்களுக்குப் போகும்போது இது மறுபடியும் வரும்.

ஆயின் ஏட்டிலிருந்த அறிவு வேறு, படுக்கையருகே இருந்த கை வேறு. ஏடு படித்த பரிகாரி ஆண். பிள்ளை பெறுவித்த மருத்துவிச்சி பெரும்பாலும் எழுத்தறியாத பெண். இவ்விரண்டு அறிவும் ஒரே வளவுக்குள் வாழ்ந்தும் ஒன்றோடொன்று அதிகம் பேசவில்லை. இந்தப் பிளவை மேலைநாட்டு மருத்துவமும் உடனே நீக்கிவிடவில்லை என்பதற்கு மானிப்பாயே சான்று. 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் நிலைகொண்டு மருத்துவம் கற்பித்தார். தமிழிலேயே கற்பிக்கவேண்டும் என்ற உறுதியோடு பல மருத்துவ நூல்களைத் தமிழாக்குவித்தார். அவற்றுள் மோன்செல் என்பாரின் பிரசவ மருத்துவ நூல் 1857ஆம் ஆண்டிலேயே தமிழில் வந்துவிட்டது. தமிழில் விஞ்ஞானம் பற்றிப் பெருமைப்படுவோர் எடுத்துக்காட்டும் நூல்களுள் இதுவும் ஒன்று, பெருமை தகுந்ததே. எனினும் அந்நூலைக் கற்ற மாணாக்கர் யாவரும் ஆடவர். பெண்ணுடலைப் பற்றிய அந்நூல் எந்தப் பெண்களுக்காக எழுதப்பட்டதோ அவர்களின் அறைக்குள் அதனைக் கற்றவர் இயல்பாக நுழைய முடியாத சமுதாயம் அது. நிலைமை மிகவும் முற்றிய பின்னரே அவர்கள் அழைக்கப்பட்டிருப்பர்.

பெண்ணைப் பெண்ணே பார்த்தல் வேண்டும் என்ற எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வலுப்பெற்றது. 1879ஆம் ஆண்டில் சார்ள்ஸ் ஹென்றி டீ சொய்சாவின் கொடையாற் கொழும்பில் பிரசவ விடுதி திறக்கப்பட்டது. அங்கேயே மருத்துவமாதரைப் பயிற்றும் வேலையும் தொடங்கியது. 1892ஆம் ஆண்டில் இலங்கை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டது. 1898இல் இணுவிலிற் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது. அக்காலத்தில் இங்கு வந்த கனடிய வைத்தியர் மேரி ஏர்வின் ஒரு தமிழரை மணந்தமையால், அவரை அனுப்பிய மிஷனே அவரை ஏற்க மறுத்தது. மேரி இரத்தினம் என்ற பெயரோடு அவர் கொழும்பில் தங்கி, பெண்களின் சுகாதாரத்திற்கும் வாக்குரிமைக்கும் அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்தார். 1930இல் லங்கா மகிளா சமித்தியைத் தோற்றுவித்தார். மிஷன் இழந்தது நாட்டுக்குக் கிடைத்தது எனலாம்.

இவையாவும் பிரசவத்தை நோக்கியவை. பிரசவத்துக்கு முந்திய மாதங்கள் மருத்துவத்தின் பொறுப்பு என்ற கருத்து ஐரோப்பாவிலேயே அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது. 1843ஆம் ஆண்டில் இலண்டனில் லீவர் என்னும் வைத்தியர், பேற்றுச் சன்னி கண்ட பெண்களின் சிறுநீரில் வெண்புரதம் இருப்பதைக் கண்டறிந்தார். வலிப்பு வருமுன்னரே சிறுநீர் எச்சரிக்கை தருகிறது என்பதே இதன் உட்பொருள். எச்சரிக்கையைக் கேட்க ஒருவர் வேண்டுமே! அறுபது ஆண்டுகள் வரை அதற்கென ஓர் ஒழுங்கு உருவாகவில்லை. 1901ஆம் ஆண்டில் எடின்பரோ வைத்தியர் பலன்ரைன் பிரசவத்துக்கு முந்திய நோயாளருக்கெனத் தனி வைத்தியசாலை வேண்டும் என எழுதினார். அவருடைய நாட்டம் முதலில் தாயின்மீது விழவில்லை. குறைபாடுகளோடு பிறந்த சிசுக்களை ஆராய்ந்தே அவர் இம்முடிவுக்கு வந்தார். அதே ஆண்டில் பொஸ்டன் நகரில் தாதியர் கர்ப்பிணிகளை வீட்டிற் சென்று பார்க்கத் தொடங்கினர். 1915இல் எடின்பரோவில் வெளிநோயாளர் கிளினிக் ஒன்று திறக்கப்பட்டது. 1929இல் இங்கிலாந்தின் சுகாதார அமைச்சு இவ்விடயம் பற்றி அறிவுறுத்தல் வெளியிட்டது. முதற் பரிசோதனை பதினாறாம் வாரத்தில். பின்னர் இருபத்துநான்கு, இருபத்தெட்டு. அதன் பின் இரு வாரத்துக்கொருமுறை. முப்பத்தாறின் பின் வாரந்தோறும். இந்த அட்டவணை எவ்வகை ஆராய்ச்சியின் பயனாகவும் எழுந்ததன்று. ஆயினும் உலகின் பெரும்பகுதி ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் இதனையே வேதவாக்காகப் பின்பற்றியது. பதினாறாம் வாரம் என்பது நான்காம் மாதம். அதற்குமுன் பார்ப்பதிற் பயனில்லை என்பதே அன்றைய எண்ணம்.

அதற்கொரு காரணமும் உண்டு. கருவுற்றதை உறுதிப்படுத்தும் வழி வைத்தியரிடமே இல்லை. 1928ஆம் ஆண்டளவில் ஜேர்மனியரான அஷ்கைம், சொன்டெக் இருவரும் பெண்ணின் சிறுநீரை எலிகளுக்கு ஊசிமூலம் செலுத்தி அறியும் முறையைக் கண்டனர். 1930களில் ஆபிரிக்கத் தவளை ஒன்று எலியின் இடத்தைப் பிடித்தது. அதுவரையில், முழுகாமல் இருப்பதை எண்ணிக்கொண்டிருந்த மாமியார்க்கும் பட்டம் பெற்ற வைத்தியர்க்கும் இவ்விடயத்திற் பெரிய அறிவு வேறுபாடு இருக்கவில்லை. மாமியார் முந்தியறிந்தார் என்பதே வேறுபாடு.

இலங்கையில் இப்புதிய கருத்து வேரூன்றிய வழி சற்றே விசித்திரமானது. அது கொழும்புப் பிரசவ விடுதியிலிருந்து கிராமத்துக்குச் செல்லவில்லை. தேயிலைத் தோட்டத்தின் கொழுக்கிப்புழுவிலிருந்து புறப்பட்டது. 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவின் றொக்பெல்லர் மன்றம் தோட்டங்களிற் கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலையை ஆரம்பித்தது. தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோரின் குடலில் அப்புழு இருந்தது. வெறுங்காலோடு ஈரமண்ணில் நிற்பவரின் தோலைத் துளைத்து உட்புகுந்து குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும் அப்புழு, கருவுற்ற பெண்ணை எந்நிலைக்கு ஆளாக்கும் என்பது சொல்லாமலே விளங்கும். இரத்தம் வற்றிய உடலுக்குப் பேற்றின்போது சிறிது இரத்தம் போனாலும் போதும். புறநானூற்றுப் பெண் உண்ட மண்ணை இவ்விடத்தில் நினைவுகூர்வது பொருந்தும். மருந்து கொடுத்தாற் புழு விழும். ஆனால் மலசலகூடமில்லாத லயத்திற்கு மீண்டவருக்கு மறுபடியும் புழு ஏறும். பத்தாண்டு அனுபவத்தின் பின்னர் மன்றத்தார் கண்ட முடிவு, நோயைத் துரத்துவதை விட்டு ஒரு பிரதேசத்தின் முழுச் சனத்தொகையையும் பிறப்பு முதல் இறப்பு வரை கவனிக்கும் நிலையான அமைப்பு வேண்டும் என்பதாகும். அவ்வாறு 1926ஆம் ஆண்டிற் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி நிறுவப்பட்டது.

தோட்டத்திற் கற்ற பாடம் தோட்டத்திற்கல்லாமற் கரையோரக் கிராமங்களுக்குப் பயன்பட்டது என்பதைக் கவனித்தல் வேண்டும். தோட்டம் தனியார் சொத்து; அதற்குள் அரசின் சுகாதார உத்தியோகத்தர் தம் விருப்பப்படி நடமாட முடியாது.

களுத்துறை அமைப்பின் உயிர்நாடி மருத்துவமாது. முன்னைய மருத்துவிச்சியிடமிருந்து இவர் வேறுபட்டது பயிற்சியினால் மட்டுமன்று. மருத்துவிச்சி அழைத்தால் வருபவர்; இவர் அழையாமலே வருபவர். தமக்கு ஒதுக்கப்பட்ட வீடுகளை வரிசையாகச் சுற்றி, யார் கருவுற்றிருக்கிறார் எனத் தாமே தேடி அறிந்து, பெயரை எழுதி, கிளினிக்குக்கு வரச்செய்வது இவர் கடமை. வரலாற்று நோக்கில் இதுவே பெருமாற்றம் என்பது எமது துணிபு. செய்தி ஆளைத் தேடிப்போன காலம் போய், ஆள் செய்தியைத் தேடிவரும் காலம் வந்தது. 1927ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டம் மருத்துவமாதரைப் பதிவுசெய்தலை ஒழுங்குபடுத்தியது. 1931இல் டொனமூர் அரசியற்றிட்டத்தின்கீழ் ஆண்களோடு பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்தது. அதன்பின் தம் தொகுதிக்கு வைத்தியசாலையும் மருத்துவமாதும் கேளாத அரசாங்க சபை உறுப்பினர் அரியர். வாக்குள்ள பெண்ணின் வயிற்றில் அரசியல்வாதிக்கும் அக்கறை பிறந்தது எனச் சற்றுக் குறும்பாகக் கூறலாம்.

1934–35ஆம் ஆண்டு மலேரியாப் பேரழிவு இவ்வேலையின் அவசரத்தை உணர்த்தியது. ஏறத்தாழ எண்பதாயிரம் உயிர்களைக் கொண்டுபோன அக்கொள்ளைநோயிற் கர்ப்பிணிகள் பட்ட துன்பம் தனியானது. மலேரியா அவர்களுக்குக் கருச்சிதைவையும் கொடிய இரத்தச் சோகையையும் விளைவிப்பது. அக்காலத்தில் ஓரிலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். ஐம்பது பிறப்புக்கு ஒரு தாய் என்றால் அதன் கொடுமை விளங்கும். ஆறு பிள்ளை பெறுபவள் ஆறு முறை அந்த வாயிலைக் கடத்தல் வேண்டும்.

இந்தக் கட்டத்தில் ஒரு சிறு பொருளைப்பற்றிக் கூறாது விடமுடியவில்லை. 1928இல் இலூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் வைத்தியர் பம்பாய்க்குச் சென்று, ஆலைத் தொழிலாளரான கர்ப்பிணிகளிடையே காணப்பட்ட ஒருவகை இரத்தச் சோகையை ஆராய்ந்தார். இரும்புச்சத்தினாற் குணமடையாத அந்நோய், ஈஸ்டுச் சாறாகிய மாமைற்றினாற் குணமடைவதை 1931இல் வெளியிட்டார். நம் வீடுகளிற் பாணுக்குப் பூசும் அதே கருங்களி. மலேரியாப் பேரழிவின்போது சூரியமல் இயக்கத்தினர் கிராமங்களில் நலிந்தோருக்கு அதனை வழங்கினர். அதிலுள்ள சத்து யாதென அப்போது எவரும் அறியார். 1941இற் பசளிக் கீரையினின்று பிரித்தெடுக்கப்பட்டு அது போலிக்கமிலம் எனப் பெயர்பெற்றது. அதன் கதை அத்தோடு முடியவில்லை.

1940களின் பிற்பகுதியில் தாய்மார் மரணம் வியக்கத்தக்க வேகத்தில் வீழ்ந்தது. 1950களின் தொடக்கத்தில் அது இலட்சத்துக்கு அறுநூறுக்குக் கீழே வந்துவிட்டது. இதனை முழுவதும் மருத்துவமாதரின் கணக்கிற் சேர்ப்பது நேர்மையாகாது. டீ.டீ.ரீ. தெளிப்பினால் மலேரியா அடங்கியது, சல்பா மருந்துகளும் பெனிசிலினும் வந்தன, இரத்தம் ஏற்றும் வசதி பரவியது, கிராமிய வைத்தியசாலைகள் பெருகின. ஆயின் மருந்து இருக்கும் இடத்துக்கு உரிய வேளையிற் பெண்ணைக் கொண்டுசேர்த்தவர் யார் என்ற வினா எஞ்சுகிறது. முதற் பிள்ளைக்காரி, குள்ளமானவள், முன்னர் சத்திரசிகிச்சை நடந்தவள், கால் வீங்கியவள் என இன்னாருக்கு வீடு ஆகாது, வைத்தியசாலையே வேண்டும் எனத் தெரிந்தெடுத்தது அந்த முதற் பதிவுதான்.

முதற் பதிவில் நடப்பவை எவை? வெளிப்பார்வைக்கு மிக எளியவை. கடைசி மாதவிடாய்த் திகதி கேட்கப்படுகிறது. உயரமும் நிறையும் அளக்கப்படுகின்றன. இரத்த அழுக்கம், சிறுநீர், இரத்தத்தின் செந்நிறப்பொருள், இரத்த வகை, மேகநோய்க்கான சோதனை எனப் பட்டியல் நீளும். பட்டியலின் ஒவ்வொரு வரியின் பின்னாலும் ஒரு வரலாறு உண்டு. சிறுநீருக்கு லீவர், இரத்த அழுக்கத்துக்கு 1896இல் இத்தாலியரான றிவா-றொச்சி அமைத்த கருவி. 1969 முதல் ஏற்புவலித் தடுப்பூசி சேர்ந்தது. 1973 முதல் திரிபோஷா மா கிடைத்தது. மேகநோய்ச் சோதனையின் பயனை அண்மையிற் கண்டோம்: தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் மேகநோயும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டது என உலக சுகாதார நிறுவனம் 2019இற் சான்றளித்தது. கிளினிக் வாங்கிலே காத்திருந்து கையை நீட்டிய பெண்களே அச்சான்றிதழைப் பெற்றுத்தந்தவர்கள்.

ஆனால் மருத்துவ அறிவு முதற் பதிவையும் தாண்டிப் பின்னோக்கி நகர்ந்துகொண்டேயிருந்தது. 1941இல் அவுஸ்திரேலியக் கண் வைத்தியர் கிறெக், கண்புரையோடு பிறந்த குழந்தைகளின் தாய்மார் கருவுற்ற தொடக்கத்தில் ருபெல்லா என்னும் சாதாரணக் காய்ச்சலுக்கு ஆளாகியிருந்ததைக் கண்டார். 1961இல் தலிடோமைட் என்னும் மருந்தின் கொடுமை வெளிப்பட்டது. மசக்கைக்காக முதல் மாதங்களில் விழுங்கிய மாத்திரையினாற் கைகால் குறைந்த குழந்தைகள் ஆயிரக்கணக்கிற் பிறந்தன. கரு கருப்பையினுள் யாதொரு தீங்குமின்றிக் காக்கப்படுகிறது என்ற பழைய நம்பிக்கை இவ்விரண்டினாலும் தகர்ந்தது. பின்னர் 1991ஆம் ஆண்டில் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று, கருவுறுமுன்னரே போலிக்கமிலம் உட்கொண்டால் முள்ளந்தண்டுக் குறைபாடுகளுட் பெரும்பகுதியைத் தடுக்கலாம் எனக் காட்டியது. பம்பாய் ஆலைப் பெண்களிடம் தொடங்கிய கதை இங்கு வந்து சேர்ந்தது. குழந்தையின் நரம்புக்குழாய் கருத்தரித்து நான்கு வாரங்களுள் மூடிவிடுகிறது. அந்நாளிற் பெண் முழுகாதிருப்பதை இப்போதுதான் ஐயுறத் தொடங்கியிருப்பாள். பதினாறாம் வாரம் என்ன, எட்டாம் வாரமும் இதற்குப் பிந்தியதே.

ஆகவே இன்று மருத்துவமாது கர்ப்பிணியைத் தேடுமுன் புதுமணத் தம்பதியரைத் தேடுகிறார். ஏறத்தாழ மூவாயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் நியமிக்கப்படும் இவரிடம், பிள்ளை பெறக்கூடிய வயதிலுள்ள குடும்பங்களின் பதிவேடு இருக்கிறது. 1996 முதல் ருபெல்லாத் தடுப்பூசி வழங்கப்படுகிறது. கல்யாணமான கையோடு போலிக்கமில மாத்திரை, நிறை, இரத்தச் சோகை, நீரிழிவு பற்றிய விசாரணை நடைபெறுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2016இல் முதற் சந்திப்புப் பன்னிரண்டு வாரத்துக்குள் நிகழவேண்டும் எனவும், மொத்தம் எட்டுச் சந்திப்புகளாவது வேண்டும் எனவும் கூறியது. அதனினும் முந்திய எல்லையை நம் நாடு தனக்கு வகுத்துக்கொண்டமை பாராட்டுதற்குரியது. தாய்மார் மரணம் அண்மைய ஆண்டுகளில் இலட்சத்துக்கு முப்பதையண்டி நின்றுள்ளது.

பாராட்டை இவ்வளவில் நிறுத்தி, தாமதித்தவர்களைப் பார்ப்போம்.

மலைநாட்டுத் தோட்டங்களுக்கு 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் முதல் பல சட்டங்கள் இருந்தன. அவை தொழிலாளியின் உடலைத் தொழிலுக்குத் தகுதியாக வைத்திருத்தலை நோக்கியவை. 1939ஆம் ஆண்டின் பிரசவ சகாயச் சட்டம் தோட்டப் பெண்ணுக்கும் பேற்றுக்காலக் கொடுப்பனவை உரிமையாக்கியது; அது பெரிய முன்னேற்றம். ஆயின் கிராமத்தைச் சுற்றிய மருத்துவமாது லயத்துக்கு வரவில்லை. கிராமத்துக்கு அவரைக் கொணர்ந்தது வாக்கு என்று மேலே கூறினோம். தோட்டத் தொழிலாளருக்கு 1931இல் நிபந்தனைகளோடு கிடைத்த ஓரளவு வாக்குரிமையும் 1948, 1949ஆம் ஆண்டுகளின் சட்டங்களாற் பறிபோயிற்று. தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளில் அரசுடைமையான பின்னரே நாட்டின் பொதுச் சுகாதார அமைப்பு மெல்ல மெல்ல லயங்களுக்குள் நுழைந்தது. களுத்துறைக்கும் லயத்துக்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு.

எனது அம்மாயி அந்த அரை நூற்றாண்டுக்குள் வாழ்ந்தவர். ஏழு பிள்ளை பெற்று மூன்றை வளர்த்தவர். கருவுற்றதை ஐந்தாம் மாதம் வரை மறைத்தே கொழுந்தெடுத்ததாக அவர் சொல்வார். இடுப்பிற் கட்டும் படங்கு வயிற்றை மறைத்துவிடும். தெரிந்தால் மலையில் நிற்க விடமாட்டார்கள், பேர் குறைந்துவிடும் என்ற அச்சம். யாழ்ப்பாணத்து மாமி செய்தியை மறைத்தது கண்ணூறுக்கு அஞ்சி. எங்கள் அம்மாயி மறைத்தது கணக்கப்பிள்ளையின் செக்றோலுக்கு அஞ்சி. பண்பாட்டு வரலாறு எழுதுவோர் இவ்விரண்டு மௌனங்களையும் ‘பழைய நம்பிக்கை’ என ஒரே தலைப்பின்கீழ் எழுதிவிடலாகாது. முதலாவதைக் கல்வி நீக்கும். இரண்டாவதைக் கூலி நீக்கினாலன்றி வேறெதுவும் நீக்காது. முதற் பதிவுக்கு வராத பெண்களை அறியாமை உடையோர் எனக் குறைகூறும் வழக்கம் இன்றும் உண்டு. ஒருநாட் பேரை இழந்து, மலையிறங்கி, வாகனத்துக்குக் காசு கொடுத்துக் கிளினிக்குக்குப் போகவேண்டியவளின் கணக்கை அவ்வாறு கூறுவோர் போட்டுப் பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன்.

வடக்கு, கிழக்கு மாகாணங்களின் தாமதம் வேறு வகையானது. அங்கே முந்தியே வந்திருந்த அமைப்பு யுத்தத்தினாற் குலைந்தது. மருத்துவமாதர் பதவிகள் பல வெற்றிடமாகக் கிடந்தன. இடம்பெயர்ந்து ஊர் ஊராகச் சென்ற குடும்பம் எந்தப் பதிவேட்டுக்கு உரியது? பதிவேடு என்பது ஓரிடத்தில் நிலைத்து வாழும் மனிதரை எண்ணியே அமைக்கப்பட்டது. பங்கருக்குள்ளும் மரத்தடியிலும் கழிந்த கர்ப்பங்கள் அதற்குள் அடங்கவில்லை. இவ்வரலாறு தனியாக எழுதப்படவேண்டியது. அதனை எழுதுவதற்கு அக்கால மருத்துவமாதர் சிலராவது இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களைச் சென்று கேட்பது எம் துறை மாணவர்க்கு இயலாத காரியமன்று.

இன்னொரு தடையும் பேசப்படவேண்டும். தோட்டங்களுக்கு நியமனம் பெறும் மருத்துவமாதருட் பலர் தமிழ் அறியாதவர். அவர்களின் உழைப்பிற் குறைகாண்பது எம் நோக்கமன்று. செங்குத்தான மலைப்பாதையில் மழையோடு வரும் அப்பெண்களை யான் சிறுவயது முதல் கண்டிருக்கிறேன். ஆயின் முதற் பதிவு என்பது அடிப்படையில் ஒரு பேச்சு. முன்னர் எத்தனை முறை கருவுற்றாய், எத்தனை தங்கின, யாதேனும் கலைந்ததா, உன் தாய்க்கு நீரிழிவு உண்டா, வீட்டில் அடி உதை உண்டா என்பன எல்லாம் சொல்லாற் கேட்டுச் சொல்லாற் பெறவேண்டியவை. எங்கள் லயத்திற் சென்ற ஆண்டு என் அண்ணி முதற்பிள்ளைக்குப் பதிவுசெய்தபோது, மருத்துவமாதின் வினாக்களைத் தமிழிற் சொல்ல அயல்வீட்டுப் பத்தாம் வகுப்புச் சிறுமி அழைக்கப்பட்டாள். கடைசியாக முழுகிய நாள் எது என்ற வினா வரை அவள் வெட்கத்தோடு மொழிபெயர்த்தாள். அதற்கு அடுத்த வினா, முன்னர் யாதேனும் கலைந்ததா என்பது. அண்ணி சிறுமியின் முகத்தைப் பார்த்தார், இல்லையெனத் தலையசைத்தார். அட்டையில் அவ்வாறே எழுதப்பட்டது. மருத்துவமாது போன பின்னர், இரண்டு ஆண்டுகளுக்கு முன் மூன்றாம் மாதத்தில் ஒன்று கலைந்ததை அண்ணி என் தாயிடம் சொன்னார். அடுத்த கிளினிக் நாளன்று என் தாயும் உடன் சென்று, அங்கிருந்த தமிழ்த் தாதி ஒருவரைத் தேடிப்பிடித்து, அந்த இடத்தைத் திருத்துவித்துக்கொண்டு வந்தார்.